துபாயில் எங்களுக்கு வீடு வாங்கித் தந்த இரண்டாவது முகவர்

துபாயில் பதினோரு ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்த பிறகு, 2024-இல் ஜுமேரா வில்லேஜ் சர்க்கிளில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஒன்றை 7,50,000 திர்ஹத்துக்கு வாங்கினோம். அதற்குள் இரண்டு முகவர்களோடு பழகிவிட்டோம். இருவர் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலாமவர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர். கும்பகோணத்துப் பேச்சும், வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு இனிப்புப் பொட்டலமுமாக அவர் வந்ததில், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. துபாயில் தரகுத் தொழில் செய்பவர் அரசின் நிலத்துறையின் கீழ் 2007-இல் அமைக்கப்பட்ட ரேரா என்ற வீடு, மனைத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்து, தமக்கென்று ஒரு புரோக்கர் எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். நிலத்துறையின் ‘துபாய் ரெஸ்ட்’ செயலியில் யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இவருடைய அட்டையில் அந்த எண் இல்லை. கேட்டதற்கு, “புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன் சார்” என்றார். விளம்பரத்துக்கு நிலத்துறையின் அனுமதி எண் வேண்டும் என்ற விதி இருந்தும், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எந்த வீட்டுப் படத்திலும் அது கிடையாது. வாங்குபவருக்கும் முகவருக்கும் இடையே எழுதிக்கொள்ள வேண்டிய ஃபார்ம் பி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது, “நமக்குள் எதற்கு சார் காகிதம்?” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அவர் காட்டிய வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. இரண்டே மாதத்தில் காலி செய்துவிடுவார்கள் என்று அடித்துச் சொன்னார். உரிமையாளர் தாமே குடியேறுவதற்காக வாடகைதாரரை வெளியேற்ற வேண்டுமென்றால், நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ பன்னிரண்டு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது துபாய்ச் சட்டம். இது தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஊரில் நிலம் விற்ற பணம், வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊர் வருமானத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் இருந்தது. வரி கட்டி, ஆடிட்டர் சான்றிதழ் வாங்கி, வங்கி மூலம் நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுவர முடியும் என்கிறபோது, சென்னையில் தம் ஆளிடம் ரூபாயாகக் கொடுத்தால் இங்கே திர்ஹமாகச் சரிக்கட்டிவிடுவதாக அவர் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து சதவீத முன்பணக் காசோலையையும் தம் பெயருக்கே எழுதச் சொன்னார். அத்தோடு விலகிக்கொண்டோம்.

இரண்டாமவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி. முதல் சந்திப்பிலேயே, நாங்கள் கேட்காமலே, புரோக்கர் அட்டையை மேசையில் வைத்து அந்த எண்ணைச் செயலியில் எங்களையே தட்டச்சொன்னார். வீடு பார்க்கப் போனபோது வரவேற்பறையின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; நேரே சமையலறைக்குப் போய், தொட்டிக்கடியிலிருந்த அலமாரியைத் திறந்து, கைப்பேசி வெளிச்சத்தில் பலகையில் ஊறியிருந்த நீர்க்கறையைக் காட்டினார். மாதாமாதம் வரும் சில்லர் (குளிரூட்டல்) கட்டணத்தையும், சதுர அடிக் கணக்கில் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகையையும் பழைய பில்களோடு எடுத்துவைத்தார். விற்கிற வீட்டின் குறையை முகவரே காட்டுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் கறையை வைத்தே விலையில் பன்னிரண்டாயிரம் திர்ஹம் குறைந்தது.

ஊரில் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்த்துப் பழகிய எனக்கு இங்கே எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. உரிமைப் பத்திரத்தைச் செயலியில் சரிபார்க்கக் கற்றுத் தந்தவர் அவர்தான். விற்பனை ஒப்பந்தமான ஃபார்ம் எஃப் கையெழுத்தான அன்று, பத்து சதவீதக் காசோலையை விற்பவர் பெயருக்கு எழுதச் சொல்லி, அதை நகலெடுத்து, தம்மிடம் இருப்பதற்கு ரசீதும் கொடுத்தார். கட்டுமான நிறுவனத்தின் என்ஓசி எனும் தடையில்லாச் சான்று வந்ததும், உரிமை மாற்றத்தைப் பதிவு செய்யும் டிரஸ்டி அலுவலகத்தில், வங்கியே எழுதித் தரும் மேனேஜர்ஸ் செக்கை விற்பவரிடம் கொடுத்தோம். அங்கேயே உரிமை எங்கள் பெயருக்கு மாறியது. நிலத்துறைக் கட்டணம் நான்கு சதவீதம், அதாவது 30,000 திர்ஹம்; நடைமுறையில் அது வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. முகவருக்கு இரண்டு சதவீதமும் அதன்மேல் ஐந்து சதவீத வாட் வரியுமாக 15,750. டிரஸ்டி அலுவலகத்துக்கு வரியோடு 4,200. ஆக, வீட்டு விலைக்கு மேல் ஐம்பதாயிரம் திர்ஹத்தை ஒட்டி ஒதுக்கிவைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். இந்தக் கணக்கையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்.

குறை இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு தொலைபேசியை எடுக்க மாட்டார், செய்திக்குப் பதில் திங்கள்தான் வரும். உரிமை மாறிய பிறகு அவருடைய வேகம் பாதியாகிவிட்டது. கார் நிறுத்துமிடத்து அட்டையை விற்பவரிடமிருந்து வாங்கித் தர மூன்று வாரம் இழுத்தடித்தார், அதுவரை வெளியே மணலில்தான் வண்டியை நிறுத்தினேன். அல் ஐனில் இருக்கும் என் மைத்துனர் இப்போது வீடு தேடுகிறார். அவருக்கு இந்தப் பெண்மணியின் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன், வார நாளில் மட்டும் அழைக்கும்படி சொல்லி.