முன்சில்லு இழுப்பதா, பின்சில்லு தள்ளுவதா: திருகோணமலையில் குடும்பக் கார் வாங்குவோருக்கு

திருகோணமலையில் பழைய கார் ஒன்றுக்கு விலை பேசப் போனால், எஞ்சின் பின்சில்லைச் சுழற்றும் பின்சில்லு இயக்க வண்டிதான் பாரம் தாங்கும் என்று சொல்லும் பெரியவர் ஒருவராவது கூட வருவார். மொரிஸ் மைனரையும் எண்பதுகளுக்கு முந்திய கொரோலாவையும் ஓட்டிப் பழகியவர் என்பதால், அவர் பேச்சைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1983 இல் வந்த ஐந்தாம் தலைமுறையுடன் கொரோலா செடானே முன்சில்லு இயக்கத்துக்கு மாறிவிட்டது. இன்று நம் வீதிகளில் ஓடும் அக்சியோ, அலியன், பிரீமியோ கார்களும் பெரும்பாலும் அவ்வகையே. பின்சில்லு இயக்கம்தான் வேண்டும் என்பவர் பென்ஸ் சி கிளாஸ், பி.எம்.டபிள்யூ 3 வரிசை, டொயோட்டா மார்க் எக்ஸ் என்று கூடிய விலைப் பக்கம் போக வேண்டியிருக்கும்.

முன்சில்லு இயக்கத்தில் எஞ்சின், கியர்பொக்ஸ், இரு பக்கச் சில்லுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷல் மூன்றும் முன்னாலேயே அடங்கிவிடுவதால், விசையைப் பின்னுக்குக் கடத்தும் நீண்ட புரொப்பெல்லர் ஷாப்ட் தரைக்கு அடியில் தேவைப்படுவதில்லை. பின்னிருக்கையின் நடுவில் அமர்பவருக்குக் கால்வைக்க இடம் கிடைப்பதும், எடை குறைந்து எரிபொருள் மிஞ்சுவதும் இதனால்தான். வண்டியின் எடையில் ஏறக்குறைய 60 வீதம் இழுக்கும் சில்லுகளின் மேலேயே இருப்பதால், மாரி மழையில் நனைந்த தார் வீதியிலும் அவை நன்றாகப் பிடிக்கும். வளைவில் வேகம் மிஞ்சினால் வண்டி வெளிப்பக்கம் விலகும். அக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின்சில்லு வண்டியிலோ வால்பக்கம் வழுக்கும்; இலத்திரனியல் கட்டுப்பாடு இல்லாத பழைய வண்டியில் அதை மீட்கக் கைப்பழக்கம் வேண்டும்.

கந்தளாய் தாண்டி ஹபரணை நோக்கிச் செல்லும் ஏ6 வீதியில், அளவான வேகத்தில், இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பின்சில்லு வண்டியின் ஸ்டியரிங் துல்லியத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் தனியே ஓட்டுபவர்கள்.

நம் ஊருக்கென்று கவனிக்க வேண்டியது சிவி ஜொயின்ட். முன்சில்லைத் திருப்பிக்கொண்டே சுழற்ற வேண்டிய இந்த மூட்டு ரப்பர் உறையொன்றால் மூடப்பட்டிருக்கும். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேற, கடற்கரை மணலும் உப்புநீரும் உள்ளே போய் மூட்டையே தின்றுவிடும். உறையை மட்டும் மாற்றுவது சிறிய செலவு; மூட்டு போனால் பெரிய செலவு. ஆகவே வாங்குமுன் வெறும் நிலத்தில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பழைய பின்சில்லு வண்டியில் புரொப்பெல்லர் ஷாப்டின் குறுக்கு மூட்டையும் டிபரன்ஷல் எண்ணெயையும் பார்த்தால் போதும். பராமரிப்பு விடயத்தில் பெரியவர் பக்கமே நியாயம்.

அவர் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. ஐந்து பேர் ஏறி டிக்கியும் நிறைந்தால் பாரம் பின்அச்சில் இறங்கி மூக்கு இலேசாகிவிடும். ஏற்றத்தில் அது இன்னும் கூடும். நிலாவெளியில் கடலோர மணல் மேட்டில் முன்சில்லு வீணாகச் சுழல்வது இதனால்தான். ஆயினும் குடும்பத்துக்கு நான் முன்சில்லு வண்டியையே தெரிவேன். அத்தகைய மேட்டில் ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால், பாரம் இழுக்கும் சில்லுகளின் பக்கம் சாய்ந்து பெரும்பாலும் ஏறிவிடும்.