திருகோணமலை: வெளிநாடு போவோருக்கான உதவி நிலையம், சேவை எப்படி?

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் உதவும் சிறிய தொண்டு நிலையம் இது. நடத்துகிறவர்கள் நாலைந்து பேர்தான், ஆனால் விஷயம் தெரிந்தவர்கள்.

முதலில் விசாவைத்தான் வாங்கிப் பார்ப்பார்கள். விசிட் விசா என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். காரணம், அந்த விசாவில் வேலைக்குப் போவதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய முடியாது; பதியாமல் போனால் பணியகத்தின் காப்புறுதி கிடையாது. சம்பளம் நின்றாலும் முறைப்பாட்டுக்குப் பிடிமானம் குறைவு. அடுத்தது ஒப்பந்தம்: வேலையின் பெயர், சம்பளம், முதலாளியின் பெயர் மூன்றும் விசாவோடு ஒத்துப்போகிறதா என்று பென்சிலால் கோடிட்டுக் காட்டுவார்கள். ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் பணியகத்தில் சரிபார்ப்பார்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை நீங்களும் அழைக்கலாம்.

வளைகுடாவில் சிக்கியவருக்காக இந்த நிலையத்துக்குப் போகிறீர்களா? கடவுச்சீட்டுப் பிரதி, ஒப்பந்தப் பிரதி, ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டு, முதலாளியின் தொலைபேசி இலக்கம் எல்லாம் கொண்டுபோங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல்தான் பாதிப்பேரின் வழக்கு இழுபடுகிறது. வாட்சப் குரல் பதிவுகளை அழிக்க வேண்டாம்.

குறை? காத்திருப்பு. மூதூர், கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. பணம் கேட்பதில்லை, கடனும் கொடுப்பதில்லை, அதைக் கேட்டுப் போகாதீர்கள்.