திருந்தாத நால்வர்: சைன்ஃபெல்ட்

சபா நாடகத்தில் பொய் சொன்னவன் கடைசிக் காட்சியில் மாட்டிக்கொள்வான், மாமனார் மன்னித்துவிடுவார், திரை விழும். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அந்த முடிவுக்கே கைதட்டிப் பழகியவர்களுக்கு 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் முதலில் துவர்க்கும். 1989 முதல் 1998 வரை என்பிசி தொலைக்காட்சியில் வந்த 180 எபிசோடுகளில் ஜெர்ரி, ஜார்ஜ், எலேன், கிரேமர் நால்வரில் ஒருவர்கூடத் திருந்துவதில்லை. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் வைத்த விதியே அதுதான்: கட்டிப்பிடித்து உருகுவது கிடையாது, பாடம் கற்பதும் கிடையாது.

ஏழாவது சீசன் கடைசி எபிசோடைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை உறைகளை நக்கி நக்கி ஒட்டியதில், அந்தப் பசையின் விஷம் ஏறி ஜார்ஜுக்கு நிச்சயமான சூசன் இறந்துபோகிறாள். விலை மலிவு என்று அந்தப் பத்திரிகையைத் தேர்ந்தெடுத்தவன் ஜார்ஜ். ஆஸ்பத்திரியில் நால்வரும் கொஞ்ச நேரம் திகைத்து நிற்கிறார்கள், பிறகு காபி குடிக்கப் போகிறார்கள். இதற்குச் சிரிப்பு வரக் காரணம், கல்யாணத்திலிருந்து நழுவ அவன் பட்ட பாட்டை அந்த சீசன் முழுக்க நாம் பார்த்திருக்கிறோம். அவன் முகத்தில் தெரியும் நிம்மதி நமக்குப் புதிதல்ல.

இன்னொரு நுட்பம், இவர்கள் ஏமாற்றி ஜெயிப்பதே இல்லை. ஜெர்ரி ஜார்ஜுக்காக ஒரு பாட்டியிடமிருந்து ரொட்டியைப் பிடுங்கிவருகிறான். அதைத் தூண்டிலில் மாட்டி ஜன்னல் வழியே மேலே இழுக்கும்போது ஜார்ஜ் வருங்கால மாமனார் வீட்டாரிடம் கையும் களவுமாகச் சிக்குகிறான். தப்புக்குப் பலன் இல்லாததால் நமக்கு வெறுப்பு வருவதில்லை. பிறந்தநாள் விழாவில் தீ என்றதும் குழந்தைகளையும் கிழவியையும் தள்ளிவிட்டு ஓடுகிறானே ஜார்ஜ், அங்கே ஓட்டத்தைவிட, அப்புறம் அதற்கு அவன் சொல்லும் நியாயம்தான் உச்சம்.

குறைகளும் உண்டு. ஏழாவது சீசனோடு லாரி டேவிட் விலகிய பிறகு, எட்டிலும் ஒன்பதிலும் கார்ட்டூன்தனம் கூடுகிறது. அவர் திரும்பிவந்து எழுதிய இறுதி எபிசோடோ, பழைய ஆட்களையெல்லாம் சாட்சிக் கூண்டில் ஏற்றி நால்வரையும் ஓராண்டு சிறைக்கு அனுப்புகிறது. அத்தனை வருஷம் இல்லாத நீதிபதி அங்கே எதற்கு?

முதல் சீசன் 5 எபிசோடுதான், மந்தம். இரண்டாவது சீசனின் 'சைனீஸ் ரெஸ்டாரண்ட்'டில் தொடங்குங்கள். ஹோட்டலில் மேஜைக்குக் காத்திருப்பதே முழுக்கதை. பிறகு நான்காவது சீசனுக்குத் தாவலாம். எபிசோடு சுமார் 22 நிமிடம். சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் ஏர்போர்ட் வருவதற்குள் ஒன்று முடியும். 2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது படத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். சாலைப் பள்ளத்தை வைத்து வந்த எபிசோடில், ஜெர்ரியும் ஜார்ஜும் பார்க்கும் பள்ளமே சட்டகத்தில் இல்லாமல் போனது. படத்தை வெட்டாத பழைய 4:3 டிவிடி கிடைத்தால் அதை விடாதீர்கள்.