சிகே7–சிகே20 ஜோடியா, டிடிஎஃப்-1 வகையறாவா: எதை எவ்வளவு நம்பலாம்?

மண்டபத்தில் ஒரு மீனவருக்குக் கல்லீரலில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். ஊசி பயாப்ஸியில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களின் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அது வேறு உறுப்பில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியிருக்கலாம். கிளம்பிய இடம் குடலா, நுரையீரலா, கணையமா? மருந்து அதைப் பொறுத்துத்தான். அதைக் கண்டுபிடிக்க ஐஎச்சி (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) சாயம் போடுகிறோம். செல்லில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும்; அதுதான் பாசிட்டிவ். அதில் இரண்டு வழிகள்.

பழைய வழி சிகே7, சிகே20 ஜோடி. இரண்டும் கெரட்டின் வகைப் புரதங்கள். சிகே7 நெகட்டிவ், சிகே20 பாசிட்டிவ் என்றால் பெருங்குடலை நினைக்கலாம். தலைகீழாக வந்தால் நுரையீரல், மார்பகம், சினைப்பை என்று பட்டியல் நீளும். மீனவர் பாஷையில் சொன்னால், இந்த ஜோடி படகு வடகடலா தென்கடலா என்று சொல்லும். எந்தத் துறை என்று சொல்லாது. இரைப்பைக் கட்டி இந்த இரண்டின் பாசிட்டிவ்–நெகட்டிவ் சேர்க்கைகளில் எதிலும் வரும். வலப்பக்கப் பெருங்குடல் கட்டிகள் சிலவற்றில் சிகே20 வராமலே போகும். அதனால் இந்த ஜோடியை மட்டும் வைத்து ரிப்போர்ட் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு வழி, உறுப்பைச் சுட்டும் சாயங்கள். நுரையீரலுக்கும் தைராய்டுக்கும் டிடிஎஃப்-1, குடலுக்கு சிடிஎக்ஸ்2, மார்பகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் காட்டா3. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் பெரிய ஏமாற்றமும் இங்கேதான், ஏனென்றால் பாசிட்டிவ் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தோன்றும்.

டிடிஎஃப்-1 உட்கருவில் பிடித்தால்தான் கணக்கு. கல்லீரல் செல்களின் சைட்டோபிளாசத்தில் பழுப்பு நிறம் ஏறுவது சகஜம். அதைப் பார்த்து நுரையீரல் என்று எழுதினால் கதை கெட்டது. நுரையீரலில் எடுத்த துணுக்கில் இன்னொரு வம்பு: வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டிக்குள் சாதாரண நுரையீரல் செல்கள் மாட்டிக்கொண்டு பளிச்சென்று நிற்கும். குளோனும், அதாவது சாயத்தில் உள்ள ஆன்டிபாடியின் ரகமும் முக்கியம். டிடிஎஃப்-1-இன் எஸ்பிடி24 குளோன் அதிகமாகப் பிடிக்கும், ஆனால் குடல் கட்டிகள் சிலவற்றிலும் ஒட்டும். 8ஜி7ஜி3/1 அந்த அளவுக்கு ஒட்டாது. எந்தக் குளோன் என்று ரிப்போர்ட்டில் போட்டால் நல்லது. சிடிஎக்ஸ்2-வும் குடலோடு நிற்காது. இரைப்பையிலும் கணையத்திலும் சினைப்பையின் மியூசினஸ் (சளி சுரக்கும்) கட்டியிலும் வரும்.

எந்தச் சாயமானாலும், திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் சரியில்லையென்றால் வீண். ராமேஸ்வரத்தில் எடுத்த துணுக்கு மதுரைக்குப் போக வேண்டியிருந்தால், 10 சதவீத பஃபர் ஃபார்மலினில், துணுக்கைப் போல 10 மடங்கு அளவில், எடுத்த உடனே போட வேண்டும். மார்பகக் கட்டியின் ஹார்மோன் சோதனைக்கு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மற்றதற்கும் அதையே பிடித்துக்கொள்ளலாம். சலைனில் (உப்புநீரில்) போட்டு அனுப்பினால் திசு அழுகத் தொடங்கிவிடும். அப்புறம் வரும் நெகட்டிவை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு வழியும் கைவிடும் இடமும் உண்டு. வெற்றிலை புகையிலை போடுகிறவருக்குக் கழுத்தில் நெறிகட்டி, பயாப்ஸியில் ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) புற்றுநோய், அந்த வகையைக் காட்டும் பி40 சாயம் பாசிட்டிவ். வாயா, நுரையீரலா, உணவுக்குழாயா? பி40 மூன்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டார்ச் அடித்து வாயைப் பார்ப்பதே முதல் வேலை. அதை ரிக்வெஸ்ட் ஃபாரத்தில் எழுதி அனுப்புவது அடுத்தது.

துணுக்கு சின்னதாக இருந்தால் பத்துச் சாயத்தை ஒரேயடியாக ஆர்டர் பண்ணாதீர்கள். முதலில் போடும் சாதாரணச் சாயமான எச் அண்ட் இ ஸ்லைடையும் ஸ்கேனையும் பார்த்துவிட்டு, மூன்று நான்கோடு தொடங்குங்கள். நுரையீரல் என்று முடிவானால், மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஈஜிஎஃப்ஆர் மரபணுச் சோதனைக்கும் அதே பிளாக்கில்தான் (துணுக்கைப் பதித்த மெழுகுக் கட்டியில்தான்) வெட்ட வேண்டும். தீர்ந்துபோனால் அவருக்கு இன்னொரு ஊசிதான்.