புயலுக்குப் பிறகு வீடு: கட்டிக் கொடுப்பதா, கட்டவிடுவதா?

பெரும்புயல் ஊரைப் புரட்டிப் போட்டுப் போனால் முதல் சில வாரங்கள் சோறு, தண்ணீர், தார்ப்பாய் என்று ஓடிவிடும். அப்புறம் வருவதுதான் பெரிய கேள்வி. இடிந்த வீடுகளை ஒப்பந்ததாரரை வைத்து மொத்தமாகக் கட்டி, சாவியைக் கையில் கொடுப்பதா? இல்லை, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்து, அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொள்ள விடுவதா? நான் வேலை பார்த்த நிவாரணக் குழுவில் இந்தப் பேச்சு எழுந்தபோது இரண்டாவது வழிதான் சரி என்றேன். அதையே செய்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மொத்தமாகக் கட்டிக் கொடுப்பதன் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: வேகம், ஒரே மாதிரித் தரம், கணக்குக் காட்ட எளிது. கடல் ஏறி வந்து நிலத்தையே அரித்துக்கொண்டு போன இடத்தில் இதைத் தவிர வேறு வழியும் இருக்காது. ஆனால் வீட்டின் இடம் மாறினால் பிழைப்பும் ஆட்டம் காணும். 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸில் 6,000 பேருக்கு மேல் பலிவாங்கியது. கரையிலிருந்து 40 மீட்டருக்குள் வீடு கூடாது என்று அரசு அறிவித்தது. டாக்லோபன் நகரின் வடக்கே புதுக் குடியிருப்புகள் எழுந்தன. கடலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அங்கிருந்து கடலுக்குப் போய்வருவதே பெரும்பாடு. குழாய்த் தண்ணீருக்கும் நெடுநாள் தட்டுப்பாடு. தொழிற்சாலையில் செய்து இறக்கும் வீடுகளுக்கு வேறு விதமான சிக்கல். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு அமெரிக்க அரசு கொடுத்த டிரெய்லர் வீடுகளில் பலவற்றின் பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்து, அங்கே குடியிருந்தவர்கள் மூச்சுத் தொல்லையால் அவதிப்பட்டார்கள்.

இந்தக் குறைகளைக்கூட நல்ல திட்டமிடலால் ஓரளவு சரிக்கட்டலாம். என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: பராமரிப்பு. அடுத்த புயல் வருவதற்குள் அந்த வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

தகரக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். அந்த விசை கூரையை அமுக்குவதைவிட மேல்நோக்கி உறிஞ்சி இழுப்பதுதான் அதிகம். இறவாரம், முகடு, மூலைகள், இந்த மூன்று இடங்களில்தான் அந்த இழுப்பு கடுமையாக இருக்கும். அதனால் அங்கெல்லாம் ஸ்க்ரூ நெருக்கமாக இருக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தால் போதும். தகடு அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரோடும், ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் பிடிப்பாக இருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி விட்டாலும் கூரை பறந்துவிடும். 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் அடித்தபோது பெரும்பாலான வீடுகள் நாசமாயின. காற்று விட்டுவிட்டு இழுத்ததில் ஸ்க்ரூவைச் சுற்றியிருந்த தகடு களைத்து விரிசல் விட்டிருந்தது. பல கூரைகளில் ஸ்க்ரூ அப்படியே இருக்க, தகடு மட்டும் கிழிந்து போயிருந்தது.

புயல் முடிந்ததும் கூரை நின்றுவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதுதான் இதில் உள்ள பாடம். வாஷரின் ரப்பர் வெயிலில் வெடிக்கும். ஓட்டையைச் சுற்றித் துரு பிடிக்கும். கைமரத்தைக் கட்டிய கம்பி தளரும். ஒவ்வொரு புயல் பருவத்துக்கு முன்னாலும் யாராவது ஏணி போட்டு ஏறிப் பார்த்தாக வேண்டும். தன் வீட்டைத் தானே முன்னின்று கட்டியவருக்கு எங்கே போல்ட் போட்டது, எங்கே பழைய மரத்தைச் சேர்த்தது என்று ஒவ்வொன்றும் தெரியும். வேலை செய்த ஆசாரியும் கொத்தனாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். சாவி வாங்கிக் குடிபோன வீடுகளில் நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. மூலைத் தகடு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். “கட்டினவங்க வந்து பார்க்கட்டும்” என்று காத்திருப்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. தொழிற்சாலையில் செய்து வரும் ஆயத்தப் பலகை வீடு என்றால் இன்னும் மோசம். ஒரு பலகை உடைந்தால் அதே அளவில் மாற்றுப் பலகை உள்ளூரில் கிடைக்காது.

அதற்காகப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கத்ரீனாவுக்குப் பின் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உதவித்தொகையை, சேதச் செலவு, வீட்டின் பழைய சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிட்டார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு மதிப்பு குறைவு, கட்டும் செலவோ எங்கும் ஒன்றுதான். பணம் பாதியில் நின்றது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2011இல்தான் சமரசத்தில் முடிந்தது. 2017இல் மரியா சூறாவளி தாக்கிய, அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவில் பரம்பரை வீட்டில் குடியிருந்தவர்கள் பலருக்குப் பத்திரம் இல்லை என்பதாலேயே உதவி மறுக்கப்பட்டது. வேறு சான்று இல்லாதபோது உரிமைக்கு உறுதிமொழி போதும் என்று 2021இல் அமெரிக்க அரசு நாடு முழுவதற்குமான விதியைத் தளர்த்தியது. பத்திரத்தை முதல் நிபந்தனையாக வைத்தால் ஏழைகள்தான் முதலில் விடுபடுவார்கள்.

விலையேற்றமும் உண்டு. புயலுக்குப் பிறகு தகடு, சிமெண்ட், கூலி எல்லாம் ஒரே நேரத்தில் ஏறும். கையில் கொடுத்த பணம் கரைந்துவிடும். ஹையானுக்குப் பின் பல அமைப்புகள் பணத்தோடு தகடு, ஆணி, கருவிகளையும் கொடுத்து, உள்ளூர் தச்சர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தன. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. விழுந்து கிடந்த தென்னைகளில் பலவற்றை அறுத்துச் சட்டமாக்கினார்கள். தென்னையில் அடிமரத்தின் வெளிப்பகுதிதான் கெட்டி, நடுச்சோறு மெத்து. எதை எங்கே போடுவது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மரச்செலவு பெரிதும் மிச்சம். அறுக்காமல் அழுகவிட்டால் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பிய தென்னைகளையும் தின்றுவிடும்.

மேற்பார்வைதான் இந்த வழியின் உயிர். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி அடித்தபோது தெற்கு ஃபுளோரிடாவில் கட்டட விதி இருந்தது. ஆனாலும் கூரைப் பலகைகளில் ஆணி சட்டத்தில் படாமல் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்த வீடுகளைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். எங்கள் குழுவில் கடைசித் தவணை கொடுக்கும் முன் ஒரு பொறியாளர் உள்ளே நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பார். மூலையில் இரும்புப் பட்டை இருக்கிறதா, ஸ்க்ரூ மரத்தில் ஏறியிருக்கிறதா என்று வீட்டுக்காரரையே தொட்டுக் காட்டச் சொல்வார். குறை இருந்தால் சரிசெய்த பிறகே பணம். சிலருக்குக் கோபம் வந்தது, ஆனால் எதை எங்கே பார்க்க வேண்டும் என்பது அத்தனை பேருக்கும் பழகிவிட்டது.

தனித்தனி வீடுகள் உள்ள இடங்களில்தான் எனக்கு அனுபவம். அடுக்குமாடிகளுக்கு இதை அப்படியே சொல்லத் துணிய மாட்டேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த வழி பெரிதாக எதையும் தருவதில்லை. பணம் வீட்டுக்காரருக்குப் போய்விடும். துணையில்லாத முதியவர்களிடம் தவணைப் பணத்தைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்வது கொடுமை. அவர்களுக்கு மட்டும் கட்டிக் கொடுங்கள், ஆனால் அதே தெருவில், அதே ஆசாரியையும் கொத்தனாரையும் வைத்து.