630 மீட்டரில் கேட்பது: சில குளிர்காலங்களின் அனுபவம்

சாதாரண ரேடியோவின் மத்திய அலை முள் 530 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் நின்றுவிடும். அதற்கும் கீழே, 472 முதல் 479 வரை, ஹாம்களுக்கென்று, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்களுக்கென்று, ஒரு குறுகிய சந்து இருக்கிறது. 630 மீட்டர் அலைவரிசை என்பார்கள். 2012 உலக வானொலி மாநாட்டில் ஒதுக்கியது இது. கனடாவில் 2014இலும் அமெரிக்காவில் 2017இலும் ஹாம்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 2006இலிருந்து, டபிள்யூடி2எக்ஸ்எஸ்எச் என்ற சோதனை உரிமத்தின் கீழ் அமெரிக்க ஹாம்கள் 500 கிலோஹெர்ட்ஸ் பக்கம் முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் கப்பல்கள் ஆபத்தில் உதவி கேட்ட அலைவரிசை அது.

நான் கனடாவின் ஒன்டாரியோவில் இருந்து கேட்கிறேன். லேப்டாப்பில் செருகும் ஒரு எஸ்டிஆர் ரிசீவர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ), கொல்லைப்புறத்தில் ஒரு மீட்டர் விட்டமுள்ள லூப், அதாவது வளைய ஆன்டெனா, அவ்வளவுதான் கருவி. செலவைவிட இரைச்சலோடு போராடியதுதான் அதிகம். எல்இடி பல்பு, போன் சார்ஜர், டிவி என்று வீட்டில் எல்லாமே இந்த அலைவரிசையில் கத்தும். மெயினை அணைத்துவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினேன். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து அறை சார்ஜரைப் போட்டதும் திரையில் மஞ்சள் கோடுகள் வரிசையாக எழுந்தன. அதைக் கழற்றி, யுஎஸ்பி வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிய பிறகுதான் தூரத்து நிலையங்கள் வரத் தொடங்கின. லூப்பைத் திருப்பி ஒரு திசை இரைச்சலை அமுக்கலாம் என்பதால், பட்டணத்தில் இருப்பவர்களுக்கு நீளக் கம்பியைவிட இதையே சொல்வேன்.

இங்கே அதிகம் கிடைப்பது விஸ்பர் என்ற, கணினி படிக்கும் மெல்லிய சிக்னல். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட முறை. இரட்டைப்படை நிமிடம் பிறந்ததும் தொடங்கி, ஏறக்குறைய 110 விநாடிகள் அனுப்பும். அதில் இருப்பது கால்சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்), இடக்குறியீடு, பவர் மட்டும். காதுக்கு எதுவுமே கேட்காதபோதும் மென்பொருள் அதைப் பிரித்தெடுத்துவிடும். ஒரு ஜனவரி இரவில் டிஎம்33 என்ற இடக்குறியீடு திரையில் வந்தது. அரிசோனாவின் பீனிக்ஸ் பக்கம், சுமார் 3000 கிலோமீட்டர். அனுப்புகிறவரின் பாட்டை நினைத்தால்தான் இதன் அருமை புரியும். கால் அலைநீள ஆன்டெனா வேண்டுமென்றால் 158 மீட்டர் உயரம் தேவை. வீட்டில் பத்துப் பதினைந்து மீட்டர் கம்பிதான் நிறுத்த முடியும். அடியில் பெரிய கம்பிச்சுருள் வைத்து நூறு வாட் கொடுத்தாலும், வானுக்குப் போவது ஒன்றிரண்டு வாட்தான்.

அதனால்தான் கேட்பவரின் அறிக்கைக்கு இங்கே இவ்வளவு மதிப்பு. தன் சிக்னல் எதுவரை போனது என்பது அனுப்பியவருக்கு நம்மைப் போன்றவர்கள் சொன்னால்தான் தெரியும். கேட்டு அறிக்கை அனுப்ப உரிமம் தேவையில்லை. இரவு முழுக்க ரிசீவரை ஓடவிட்டு, முடிவுகளைத் தானாகவே பதிவேற்ற விடுகிறேன்.

ஆனால் மனசு நிறைவது, புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸில்தான். மெதுவாக அனுப்புவார்கள். கால்சைனின் முதல் பாதி தெளிவாக விழும், மறுபாதி இரைச்சலுக்குள் மூழ்கும், சில நிமிடம் கழித்து முழுசாக எழுந்து வரும். இதற்குக் குளிர்காலமே சரி. கோடையில் எங்கோ இடிக்கும் மின்னலெல்லாம் ஹெட்போனில் வெடிக்கும். பகலில் வானின் மேலடுக்கான அயனி மண்டலத்தின் டி அடுக்கு தூரத்து அலைகளை விழுங்கிவிடும், அக்கம்பக்கம் மட்டுமே கேட்கும். அரட்டைக் குரல்களை எதிர்பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது.

ஆன்டெனா இல்லாதவர்கள் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆரை, அதாவது இணையம் வழியாக இயக்கும் ரிசீவரை, இலவசமாகத் திறந்து கேட்கலாம். குளிர்காலத்தில் இந்தியாவில் இரவு 11 மணி என்றால் அங்கே மாலை ஆறரை, இருட்டியிருக்கும். 474.2 கிலோஹெர்ட்ஸில் வைத்து யுஎஸ்பி (இங்கே வயர் அல்ல, மேல் பக்கப்பட்டை என்ற ரேடியோ முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒலியை விஸ்பர் மென்பொருளுக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று விநாடி தள்ளிப்போனாலே எதுவும் பிடிபடாது.