எதை வேண்டாம் என்கிறார்கள்? மூன்று கத்தோலிக்க அமைப்புகளும் ஒரு கணக்கரும்

டொரண்டோவுக்கு அருகே உள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (கோயில் சமூகத்தில்), சில ஞாயிறுகளில் திருப்பலி முடிந்து வெளியே வரும்போதே கீழ்த்தள மண்டபத்திலிருந்து பான்கேக் மணம் வரும். ஏப்ரன் கட்டிய நடுவயது ஆண்கள் நான்கைந்து பேர் அடுப்பருகே நிற்பார்கள். நாங்கள் குடியேறிய முதல் ஆண்டில், அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற தச்சர், என் தட்டில் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டே என்ன வேலை தெரியும் என்று கேட்டார். கணக்கு எழுதுவேன் என்றேன். “அப்படியானால் நீங்கள் எங்களுக்கு வேண்டும்” என்றார். அவர் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் அமைப்பைச் சேர்ந்தவர்.

அடுத்த வாரமே, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு ஆள் தேவை என்று பலிபீடத்திலிருந்து அறிவித்தார்கள். தமிழ்த் திருப்பலிக்கு வரும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தன் பங்குக்கு, “தம்பி, செவ்வாய்க்கிழமை பின்னேரம் மரியாயின் சேனைக் கூட்டம் இருக்கிறது, வந்து பாருங்கள்” என்றார். ஒரே மாதத்தில் மூன்று அழைப்புகள். மூன்று துண்டறிக்கைகளிலும் கடவுள் கொடுத்த திறமையைப் பிறருக்குப் பயன்படுத்துங்கள் என்ற ஒரே வாசகம், அதற்குக் கீழே ஒரே மத்தேயு 25.

மத்தேயு நற்செய்தியின் அந்த 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை, வெளியூர் போகும் தலைவன் தன் பணத்தைப் பணியாளர்களிடம் ஒப்படைத்துப் போகும் கதை. அதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தாலந்து என்பது திறமை இல்லை, ஒரு நிறை (எடை அளவு). ஒரு தாலந்து வெள்ளி, கூலிக்காரர் ஒருவருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுச் சம்பளம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் திறமை என்ற பொருள் வந்ததே இந்த உவமையால்தான். ஆக, ஒரே ஒரு தாலந்தைப் பெற்று அதை மண்ணில் புதைத்தவனும் கையில் காசில்லாதவன் அல்ல. “எனக்கு என்ன தெரியும்?” என்று ஒதுங்கப் பார்த்தபோதெல்லாம் இந்தக் கணக்கு என்னை உறுத்தியது.

துண்டறிக்கைகளைப் படித்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் வரவேற்கிறார்கள். அதனால் வேறு வழியில் பார்த்தேன்: ஒவ்வோர் அமைப்பும் எதை வேண்டாம் என்கிறது? நம்மிடம் இருப்பவற்றில் எதற்கு அங்கே வேலை, எது சும்மா கிடக்கும் என்பது அதில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற பெயர் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வளர்ந்த பலருக்குப் புதிது. 1882-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், மைக்கேல் மெக்கிவ்னி என்ற 29 வயது உதவிப் பங்குத்தந்தை தொடங்கியது. அவர் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். வீட்டில் தாயும் சின்னஞ்சிறு தம்பி தங்கைகளும். உழைத்துப் போட்டவர் இறந்தால் பிள்ளைகள் பிரிக்கப்பட்டு வெவ்வேறு இடங்களுக்குப் போக நேரும் காலம் அது. குடியேறிய கத்தோலிக்கத் தொழிலாளர்கள் ஒன்றுகூடிப் பணம் சேர்த்து, ஒருவர் இறந்தால் அவருடைய விதவைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் தொடக்கத் திட்டம். கத்தோலிக்கர்கள் சேரக்கூடாத இரகசியச் சங்கங்களின் பக்கம் ஆண்கள் போய்விடாமல் தடுப்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. மெக்கிவ்னி 38 வயதில் இறந்தார். 2020-இல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலையான அருளாளர் பட்டம் பெற்றார். கனடாவுக்கு இந்த அமைப்பு 1897-இல் மொன்றியல் வழியாக வந்தது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருப்பதாக அமைப்பு சொல்கிறது. காப்பீடு இன்னும் இருக்கிறது. பெரிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. உறுப்பினர் ஆவதற்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்பதில்லை.

இங்கே வேண்டாம் என்று சொல்லப்படுபவர்கள் பெண்கள். 18 வயது நிறைந்த, நம்பிக்கையைக் கடைப்பிடிக்கும் கத்தோலிக்க ஆண்கள் மட்டும்தான் உறுப்பினர். மனைவி மக்கள் நிகழ்ச்சிகளுக்கு வரலாம், பான்கேக் சுடலாம், உறுப்பினராக முடியாது. எங்கள் வீட்டில் இதை விளக்க நான் பட்ட பாடு தனி. என் மனைவி செவிலியர். இருவரில் சமூகத்துக்கு யார் அதிகம் பயன்படுவார் என்று வாக்கெடுத்தால் எனக்கு என் வாக்குகூடக் கிடைக்காது.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பங்குகளிலும் சரி, இங்கும் சரி, செபக் கூட்டங்களில் நிறைந்திருப்பவர்கள் பெண்கள். ஆண்கள் கோயிலுக்கு வெளியே மரத்தடியில் நிற்பார்கள். அந்த மரத்தடி ஆண்களை உள்ளே இழுக்க நைட்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. சுத்தியலைக் கொடுத்து, சட்டியைக் கொடுத்து, கணக்குப் புத்தகத்தைக் கொடுத்து இழுக்கிறார்கள். குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குக் கோட்டு வாங்கித் தருவது, சக்கர நாற்காலிக்கு நிதி திரட்டுவது, மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுப் போட்டிக்கு ஆள் அனுப்புவது என எல்லாமே கண்ணுக்குத் தெரியும் வேலைகள். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு இவர்கள் நடத்திய குடில்களில் “எல்லாரும் வரலாம், எல்லாம் இலவசம்” என்று எழுதி வைத்திருந்தார்கள். மின்பணி, சமையல், வண்டி ஓட்டுதல், மேடையில் பேசுதல் என்று கைத்தொழிலாகவோ வாய்த்தொழிலாகவோ எது இருந்தாலும் மறுநாளே வேலை கிடைக்கும். என்னைப் போன்ற கணக்கருக்கு நிதிச் செயலர் பதவி காத்திருக்கும். அவர்களில் மிக உயர்ந்த நிலையான நான்காம் நிலை உறுப்பினர்கள் விழாக்களில் வாளோடு அணிவகுப்பார்கள். இறகு வைத்த தொப்பியும் மேலங்கியும் 2017-இல் போய், பெரே தொப்பியும் நீலக் கோட்டும் வந்தன. பழையதுதான் அழகு என்று தச்சர் இன்றும் புலம்புவார்.

வின்சென்ட் தே பவுல் சபை எனக்குப் புதிதல்ல. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் கடற்கரை ஊரில் அப்பா அதில் இருந்தார். திருப்பலி முடிந்து நடக்கும் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லாரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா என்பதுகூடத் தெரியாது. சபை தத்தெடுத்த ஏழைக் குடும்பங்களுக்கு அப்பா அரிசி கொண்டுபோகும்போது சில நாள் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொள்வார். தெரு முனை வந்ததும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நில் என்று சொல்லிவிட்டு மூட்டையோடு நடப்பார். எந்த வீடு என்று நான் பார்க்கக் கூடாது. அந்தப் பிள்ளைகள் என்னோடு ஒரே பள்ளியில் படிப்பார்கள் என்பது காரணம். அது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

இந்தச் சபை வேண்டாம் என்பது விளம்பரத்தை. யாருக்கு உதவினோம் என்பது கூட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. 1833-இல் பாரிசில் ஃபிரடெரிக் ஓசானாம் நண்பர்களோடு இதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. விவாத அரங்கில் கிறிஸ்தவத்துக்காக வாதாடிக்கொண்டிருந்த மாணவர். நீங்கள் ஏழைகளுக்கு இப்போது என்ன செய்கிறீர்கள் என்று எதிரணி கேட்டதற்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. பேச்சுதான் அவருடைய திறமை. அன்று அது உதவவில்லை. நண்பர்கள் விறகு தூக்கிக்கொண்டு ஏழை வீடுகளுக்குப் போனார்கள். பாரிசின் முஃப்தார் பகுதிச் சேரிகளை நன்கு அறிந்திருந்த அருட்சகோதரி ரோசலி ராந்து, எந்த வீட்டுக்குப் போவது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கற்றுக்கொடுத்தார். ஓசானாம் பின்னாளில் சொர்போன் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர் ஆனார். தொழிலாளர் கூலியைப் பற்றி எழுதியபோது அந்தப் படிக்கட்டுகளில் ஏறிய அனுபவம் அவர் பின்னால் இருந்தது. 40 வயதில் இறந்தார்.

இன்றும் வேலை அதேதான்: இருவர் இருவராக வீட்டுக்குப் போவது. கனடாவில் 1846 முதல் இந்தச் சபை இருக்கிறது. யாராவது பங்கின் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பார்கள். போய் உட்கார வேண்டும், கேட்க வேண்டும். வாடகை பாக்கி என்று தொடங்குவார்கள்; அரை மணி நேரம் கழித்து, மகன் பேசி ஆறு மாதம் ஆகிறது என்பது வெளியே வரும். வாடகைக்கு வழி சொல்லலாம். மகன் விஷயத்தில் நாம் என்ன சொல்வது? பேசாமல் இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் பட்டமோ கைத்தொழிலோ தேவையில்லை, ஆனால் எல்லாராலும் முடியாது. ஒரு பிரச்சினையைக் கேட்டதும் தீர்வை அடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் (நான் அந்த இனம்) இங்கே திணறுவார்கள். பிறவியிலேயே பேச்சாளராக இருப்பவர்களுக்கு இது பட்டினி. இன்னொரு வசதி உண்டு: ஆண் பெண் இருவரும் சேரலாம், எந்தவோர் இரக்கச் செயலும் இந்தச் சபைக்கு அந்நியமல்ல என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. அதனால் வேலையின் எல்லை அகலம்.

மரியாயின் சேனையைச் செபமாலைக் குழு என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் முதல் கூட்டம் நடந்தது. அதைத் தொடங்கிய ஃபிராங்க் டஃப் அரசு ஊழியர். அதற்கும் முன்னால் அவர் வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர். அந்த அனுபவத்தோடு வந்தவர் வைத்த விதியைப் பாருங்கள்: சேனை உறுப்பினர் பொருளுதவி எதுவும் செய்யக்கூடாது. பணமும் இல்லை, அரிசியும் இல்லை. பை கையில் இருந்தால் கதவு பைக்காகத் திறக்கும். இங்கே நம்மைத் தவிர கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. முதல் வேலை மருத்துவமனையில் நோயாளிப் பெண்களைப் பார்க்கப் போனது. அடுத்த ஆண்டே பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்களுக்காக விடுதி தொடங்கினார்கள்.

ஒழுங்கு என்றால் இப்படி ஓர் ஒழுங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிரசீடியம் (அடிப்படைக் குழு), கூரியா (அதற்கு மேலான மன்றம்) என்று பழைய உரோமைக் காலத்துப் பெயர்கள். வாரம் ஒரு கூட்டம், கூட்டத்தில் கொடுக்கப்படும் வேலையில் இரண்டு மணி நேரம், அடுத்த கூட்டத்தில் எழுந்து அறிக்கை. “போனேன், வீடு பூட்டியிருந்தது” என்றாலும் அதைச் சொல்லியாக வேண்டும். அரசு அலுவலகக் கோப்பு மூளை ஒன்று இதன் பின்னால் இருப்பது பார்த்தாலே தெரியும். தனக்கென்று தனித் திறமை ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்கள் சேரவேண்டிய இடம் இது என்பேன். கூச்ச சுபாவமுள்ள அந்த யாழ்ப்பாணத்து அக்கா, பெயர் தெரியாத அடுக்குமாடிக் கதவுகளைத் தட்டுவது இந்த அறிக்கை முறையின் பலத்தில்தான். எடல் குவின் என்ற அயர்லாந்துப் பெண் அலுவலகத்தில் தட்டச்சு, கடிதப் போக்குவரத்து பார்த்தவர், காசநோய்க்காரர். 1936-இல் சேனையின் தூதுவராகக் கிழக்கு ஆப்பிரிக்கா போய், 1944-இல் நைரோபியில் இறக்கும்வரை ஊர் ஊராகப் பிரசீடியங்களைத் தொடங்கிக்கொண்டிருந்தார். முடியாது என்று சொல்ல அவருக்கு என்னைவிட நல்ல காரணம் இருந்தது.

நேரக் கணக்கு பார்த்தால் நைட்ஸ்தான் நெகிழ்வானது: மாதக் கூட்டமும், விரும்பிய நிகழ்ச்சிகளும். ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு அதுவே நல்லது. சேனையில் வாரத்தைத் தவறவிட முடியாது. வர இயலாதவர்கள் வீட்டிலிருந்து செபிக்கும் துணை உறுப்பினர் ஆகலாம். வின்சென்ட் சபை நடுவில். ஆங்கிலம் தயக்கமாக இருப்பவர்களுக்கு என் பரிந்துரை வேறு வரிசை: முதலில் பான்கேக் சட்டி. சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பேச்சு தானாக வரும். ஊரும் நம்மைத் தெரிந்துகொள்ளும். முன்பின் தெரியாதவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அவர் துயரத்தை இரண்டாம் மொழியில் கேட்பது கடினம்.

நான் வின்சென்ட் சபையில் சேர்ந்தேன். கணக்கைப் பயன்படுத்தலாம் என்று போனவனுக்கு முதல் ஆண்டு முழுவதும் மளிகைப் பைதான் கிடைத்தது. மனைவியும் சேர்ந்தாள், கேட்பதில் என்னைவிட அவள் எவ்வளவோ மேல். பொருளாளர் பொறுப்பு இரண்டாம் ஆண்டில்தான் வந்தது. சரியான தேர்வா என்று கேட்டால், திறமைக்கு ஏற்ற தேர்வு நைட்ஸ்தான். அங்கே நான் முதல் நாளிலிருந்தே கெட்டிக்காரனாக இருந்திருப்பேன். அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

போன மாதம் ஒரு குடும்பத்துக்குக் கட்டில் தேவைப்பட்டது. நன்கொடையாக வந்த கட்டிலில் ஒரு கால் உடைந்திருந்தது. தச்சரை அழைத்தேன். கீழ்த்தள மண்டபத்தில் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே, யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார்.

“எத்தனை பேர் படுப்பார்கள் என்றாவது சொல்லலாமா?”

ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் என்றேன். உடைந்த காலை மட்டும் மாற்றுவதாக இருந்தவர், நடுவில் இன்னொரு சட்டம் வைக்க வேண்டும் என்று மரம் எடுத்துவர வண்டிக்குப் போனார்.